இல்லாத மானுக்கு ஒரு வாய்தா

நான் குற்றவாளி இல்லை என்று கோர்ட்டு சொல்லி ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் என் மகன் ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லை. குற்றவாளியா இல்லையா என்று தெரியாமல் வழக்கு இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் மாதம் தவறாமல் வந்தான். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.

கூடலூர்ப் பக்கம், தேவர்சோலைக்குக் கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் இரண்டு அறை வீடு எனக்கு. கோயமுத்தூர்க்காரனான நான் இருபத்து நாலு வயதில் எஸ்டேட் ரைட்டர் வேலைக்கு இங்கே வந்தவன். கொழுந்து எடை எழுதி எழுதியே ரிட்டயர் ஆனேன். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள்? இங்கேயாவது மழை தெரிந்த மழை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆயிற்று. ஒரே மகன், கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை, முப்பத்து மூன்று வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

எனக்கும் அவனுக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூடப் பேச ஏதாவது இருந்திருக்கும். அவள் உயிரோடு இருந்தவரை அவன் அவளோடு பேசுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். "அப்பா கேக்கறார்டா, எப்ப வர்றேன்னு" என்பாள். நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் கேட்க நினைத்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனே போன் செய்வான்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. அங்க மழைங்களா?"

"மழைதான்."

அவ்வளவுதான். போனை வைத்த பிறகு கால் மணி நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

ஒருமுறை எட்டு மாதம் வராமலே இருந்தான். பிறகு ஒரு வாரம், "ஞாயித்துக்கெழமை வர்றேனுங்கப்பா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு என்ன செய்து போடுவது? எனக்குத் தெரிந்தது ரசமும் முட்டைப் பொரியலும்தான். அவன் ஆறாவது படிக்கும்போது, மான்கறி எப்படி இருக்கும் என்று அம்மாவை நச்சரித்து அடி வாங்கியது ஞாபகம் வந்தது. முப்பது தாண்டிய ஆம்பளைக்கு ஆறாம் வகுப்பு ஆசையை நிறைவேற்றி வைக்கக் கிளம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

எஸ்டேட் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. காட்டுக்கறி கொண்டு வருகிறவன் எதுவும் சத்தம் போட்டு விற்க மாட்டான். வேலிக்கு வெளியே நின்று ஒரு இருமல் இருமுவான். நாம் போனால் காதோடு ஒரு வார்த்தை சொல்வான். வாழை இலையில் கட்டி, அதைப் பழைய துணியில் சுற்றி, அதையும் ஒரு பைக்குள் வைத்திருப்பான். பிரித்துக் காட்டச் சொல்லக் கூடாது. பிரித்துக் காட்டு என்கிறவன் நாளைக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று அர்த்தம். பார்க்காமல், கேட்காமல் வாங்குவதுதான் மரியாதை. எத்தனையோ வருஷமாக இங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். நான் அதுவரை வாங்கியதில்லை. மனைவி இருந்தால் விட்டிருக்கவும் மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை இருமல் கேட்டது. போனேன்.

"ஏனுங்க, மானுங்க. ரெண்டே கூறுதான் பாக்கி" என்றான்.

"நல்லதுதானே?"

"என்னங்க ரைட்டரய்யா, உங்ககிட்டப் போயி..."

அவனுக்கு மனசு வலித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். நான் பிரித்துப் பார்க்காமல் வாங்கி ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். இன்னொரு கூறைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே சமைத்துத் தின்றும் விட்டார். மறுநாள் காலை என்னைப் பார்த்து, "மான் மான்தானுங்க. ஆட்டுல இந்த ருசி வருமா?" என்று உதட்டை நக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் மகன் போன் செய்தான். ஆபீஸில் அவசர வேலை, வர முடியவில்லை என்றான். "செரி, வேலையப் பாரு" என்றேன். தனி ஆளுக்கு மான்கறி சமைத்துத் தின்ன மனசு வரவில்லை. எடுத்து வீசவும் மனசு வரவில்லை. அது ஃப்ரிட்ஜிலேயே கல்லாகிக் கிடந்தது.

விற்றவன் செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டான். யார் யாருக்குக் கொடுத்தான் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்லிவிட்டான். புதன்கிழமை வனத்துறை ஆட்கள் மூன்று பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தின்று ஏப்பம் விட்டுவிட்டதால் அவர் வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. என் ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள்.

"என்னங்கய்யா இது?"

"மான்கறிங்க" என்றேன்.

யார் என்னை அப்படிச் சொல்லச் சொன்னது? ஒருவரும் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆட்டுக்கறி என்று அன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருந்தால் அது சத்தியமான உண்மையாக இருந்திருக்கும். ஆனால் அது அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

மூன்று நாள் சிறையில் இருந்தேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பயந்தேன். வருஷக்கணக்கில் போடுவார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். இந்த வயதில் உள்ளே போனால் வெளியே வருவேனா என்பதுதான் ஒரே யோசனை. நாலாம் நாள் ஜாமீன் கிடைத்து வெளியே வந்தபோது மகன் நின்றுகொண்டிருந்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவனைப் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"சாப்டீங்களாப்பா?" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு "ஆச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கழுவினான். கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "யாருக்குங்கப்பா வாங்குனீங்க?" என்றான்.

"எனக்குத்தான். ஏன், நான் திங்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். அவன் மறுபடி துணியைப் பிழிந்தான்.

அதன் பிறகு மாதம் ஒரு வாய்தா. முந்தின நாள் கோயமுத்தூரில் பஸ் ஏறி, குன்னூர், ஊட்டி எல்லாம் சுற்றிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேருவான். மறுநாள் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவோம். வராந்தாவில் மணிக்கணக்காகக் காத்திருப்போம். பெயர் கூப்பிடுவார்கள், நிற்போம், அடுத்த தேதி சொல்வார்கள், திரும்புவோம். கறி என்ன கறி என்று சோதிக்க லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட் வரும்வரை ஒன்றும் நடக்காது.

ஒன்றும் நடக்காத அந்த நாள்களில்தான் நானும் அவனும் பேச ஆரம்பித்தோம். பேச ஒரு வழக்கு இருந்தது. எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எவன் காட்டிக்கொடுத்தான், நீதிபதிக்கு அன்றைக்கு என்ன கோபம். வழக்குப் பேச்சு தீர்ந்தால் அப்படியே அவன் கம்பெனி, மேனேஜர், அவன் தங்கியிருக்கிற அறை, பல்வலி என்று போகும். அவனுக்குப் பல்வலி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதம் கூரையில் ஒழுகுகிற ஓடுகளை மாற்றினான். ஒரு மாதம் சாம்பார் வைத்தான். அவன் அம்மா வைப்பதுபோலவே பெருங்காயத்தைக் கொஞ்சம் அதிகம் போட்டிருந்தான். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

எங்கள் வக்கீல் கூடலூர்க்காரப் பெண்மணி. பாதி தமிழ், பாதி மலையாளம், முழுக்கச் சத்தம். ஒருநாள் வராந்தாவில் வைத்து என் மகன் அவரிடம் கேட்டான், "மேடம், ஒருவேளை அது மானே இல்லைன்னா?"

"அப்போ கேஸே இல்லா, கேட்டோ!" என்றார்.

எனக்கு அது பிடிபடவில்லை. "அதெப்படிங்க? நான் மான்னு நெனச்சுத்தானே வாங்குனேன்? குத்தம்னு தெரிஞ்சுதானே வாங்குனேன்?"

"சாரே, ஒரு கதை சொல்றேன் கேளுங்க. ஒரு கட்சிக்காரர் ஓடி வந்தார். முன்ஜாமீன் வேணும்னு ஒரே நடுக்கம். என்ன செஞ்சீங்கன்னா, தோட்டத்துல யானை வந்து திங்கற பலாப்பழத்தை எல்லாம் ராவோட ராவா பறிச்சு ஒளிச்சு வெச்சுட்டாராம். யானைக்குத் தீனி இல்லாம பண்ணினா ஜெயில்னு யாரோ சொல்லிட்டாங்க. தோட்டம் யாருது? அவருது. பழம் யாருது? அவருது. அவர் மனசுல பெரிய குத்தவாளி. சட்டத்துல அப்படி ஒரு குத்தமே இல்லை. இல்லாத குத்தத்தை யாராலயும் செய்ய முடியாது சாரே, எவ்வளவு ஆசைப்பட்டாலும்!"

"அது வேற. காலி சட்டைப் பையில கைய விட்டவனையும் புடிச்சு உள்ள போடறாங்கல்ல? ஒண்ணும் கெடைக்கலைன்னாலும்?"

நான் அப்படிக் கேட்டதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யார் பக்கம்?" என்றார். பிறகு, "போடுவாங்க. அவன் எடுக்க வந்ததை எடுக்க முடியலை. முயற்சி பாதியில நின்னுபோச்சு. உங்களுக்கு எது நின்னுச்சு? அந்தப் பையை வாங்க நெனச்சீங்க, அந்தப் பையையே வாங்குனீங்க. எல்லாம் முடிஞ்சுது. முடிஞ்ச பிறகு பார்த்தா, செஞ்சது ஆட்டுக்கறி வாங்குன வேலைன்னா, அதுக்கு எந்தச் சட்டத்துல தண்டனை? அரசு வக்கீல் வேற மாதிரி பேசுவார். பேசட்டும், பார்த்துக்கலாம்" என்றார்.

என் மகன் அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை அதையே பேசினான். போனில் எதையெதையோ தேடிப் படித்துக் காட்டினான். அவன் அம்மாவிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினான். நான் பேப்பரை எடுக்கவே இல்லை.

அவன் போன மறுநாள்தான் கஷ்டம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் குடிக்கக் காலையில் ஒரு கடமான் வரும். முன்னெல்லாம் தேநீரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்குத் துணை. வழக்குக்குப் பிறகு அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது தலையைத் தூக்கும், நான் உள்ளே போய்விடுவேன். வக்கீல் என்ன சொன்னாலும் என் மனசில் நான் அதை விலை பேசியவன்தான். அது எனக்கு வெட்கமாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

எட்டாவது மாதம் ஒரு காலையில் வக்கீலம்மா போன் செய்தார்.

"சாரே! ரிப்போர்ட் வந்தாச்சு! ஆடு சாரே, ஆடு! சுத்தமான நாட்டு ஆடு!"

முதலில் கோபம்தான் வந்தது. அடப்பாவி, மனசு வலிக்கிறது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டானே! அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தேன். சிறை இல்லை. இந்த வீட்டிலேயே சாகலாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடுத்த வாய்தாவுல பெட்டிஷன் போட்டு முடிச்சுரலாம்" என்றார் அவர்.

"அப்ப அதுக்கப்புறம் வாய்தா இருக்காதுங்களா?"

"எதுக்கு சாரே இருக்கணும்?"

"ஒரு மாசம் கழிச்சுப் போடலாமுங்களா பெட்டிஷன்? அவகாசம் வேணும்னு கேளுங்களேன்" என்றேன். எந்தக் கட்சிக்காரனும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அவர் சத்தமும் அடங்கிவிட்டது.

"மகன்கிட்ட..." என்று இழுத்தார்.

"நானே சொல்லிக்கறேனுங்க."

சொல்லவில்லை. ஒரு மாசம் என்று ஆரம்பித்தது மூன்று மாசம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவன், "ரிப்போர்ட் வந்துருச்சுங்களாப்பா?" என்று கேட்பான். "இந்த லேபுக்காரனுக எப்பத்தான் அனுப்புவானுகளோ" என்று நான் அலுத்துக்கொள்வேன். ஃப்ரிட்ஜ் முன்னால் பொய் வராத வாய்க்கு இப்போது தங்குதடையில்லாமல் வந்தது. பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு உறுத்தும். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உறுத்தல் போய்விடும்.

மூன்றாவது முறை வந்தபோது, சாயங்காலம் முற்றத்தில் நின்று மேனேஜரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். "சார், அப்பா கேஸ் சார்... இல்லைங்க சார், இந்தத் தடவை முடிஞ்சுரும்... சாரி சார்... சாரிங்க சார்" என்றான். ஐந்து நிமிஷத்தில் எத்தனை சாரி! என் பிள்ளை எனக்காக ஒரு முகம் தெரியாத ஆளிடம் அப்படிக் குழைவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கோர்ட்டில் அவனை டீ வாங்க அனுப்பிவிட்டு, "பெட்டிஷனைப் போட்ருங்க, போதும்" என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து, இவர் மான் என்று நம்பித்தான் வாங்கினார், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், ஆடாகப் போனது இவருடைய நல்லகாலம், ஆகவே முயற்சிக்காவது தண்டிக்க வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பேசினார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "மான்னு நெனச்சுத்தான் வாங்குனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

எங்கள் வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி அம்மா கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். செய்த காரியம் குற்றமில்லாதபோது, குற்றம் என்று நினைத்துச் செய்தார் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று சொல்லி என்னை விடுவித்தார். "இனிமே கடையில போய்ப் பார்த்து வாங்குங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அதன் பிறகு இரண்டு வாரம் என் கண்ணில் படவில்லை.

நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவன் அன்றைக்கே திரும்ப வேண்டும். கோயமுத்தூர் பஸ் நின்றது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் கீழே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமேலும் மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"சாமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். ரிப்போர்ட் மூணு நாலு மாசத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. நாந்தான் இழுத்தடிச்சேன். அந்தக் கறியும் உனக்குன்னுதான் வாங்குனேன்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"தெரியுமுங்கப்பா. வக்கீலம்மா அன்னிக்குக் காலைல எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணாங்க."

"தெரிஞ்சுமா லீவப் போட்டுட்டு வந்தே? அறிவிருக்குதா உனக்கு? மேனேஜர்கிட்ட அத்தனை சாரி கேட்டுட்டு?" என்று நடு பஸ் ஸ்டாண்டில் கத்தினேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது.

"நீங்க இன்னொரு வாய்தா கேப்பீங்கன்னு நெனச்சேனுங்கப்பா" என்றான்.

அதோடு ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்டீங்களா, ஆச்சு, மழைங்களா, மழைதான். அவனாக வருகிறேன் என்று சொல்லவில்லை, நானாக வா என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வாயில் என்னத்தை வைத்துத் தைத்திருக்கிறதோ. 'வா' என்பது ஓர் எழுத்து. அதைச் சொல்லத் துப்பில்லாமல் அறுபத்து மூன்று வயதாகிவிட்டது எனக்கு. அவள் இருந்திருந்தால் எனக்குப் பதிலாகச் சொல்லியிருப்பாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடமான் வந்தது. நான் உள்ளே போகாமல் நின்று பார்த்தேன். அது தன்பாட்டுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. பத்து மணிக்குப் போன் வந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. ஏஞ்சாமி, வர்ற செவ்வாக்கெழமை வாய்தா போட்டிருக்குது."

தொலைந்தது, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"எந்தக் கேஸுங்கப்பா?"

"அதே கேஸ்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"செரிங்கப்பா. லீவு சொல்லிட்டுத் திங்கக்கெழமையே வந்தர்றேன். கறி மட்டும் நீங்க வாங்க வேண்டாமுங்க, வர்ற வழியில நானே எடுத்துட்டு வர்றேன்" என்றான்.